ஒரு குடம் கனம்

போன மாதம் பேரணாம்பட்டிலிருந்து ஓர் ஆள் என்னைத் தேடி வந்தான். என் பழைய முதலாளியின் பேரன் புதுக் கார் வாங்கியிருக்கிறாராம். சாமான் ஏற்றிப்போக அதற்குப் பின்னால் மாட்டுகிற டிரெய்லர் ஒன்றும் செய்திருக்கிறாராம். "ஓட்டினா பின்னாடி பாம்பு மாதிரி நெளியுது. டிரைவர் பசங்க பயப்படறாங்க. பழைய ஆளுங்கள்ல இத இழுத்தவரு நீங்க ஒருத்தர்தான் உசுரோட இருக்கீங்களாம்" என்றான். உயிரோடு இருப்பதற்காக ஒருவனைப் புகழ்வதுதான் இந்தக் காலத்து மரியாதை போலிருக்கிறது. இருந்தாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் போகும்போது பழையது எல்லாம் வரிசையில்லாமல் நினைவுக்கு வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் டிரைவரான கதை பெரிதில்லை. வேலூர் ஆம்பூர் பஸ்ஸில் கிளீனராக மூன்று வருஷம் தொங்கினேன். அடுப்புக்கரியில் ஓடிய பஸ் இல்லை அது, ஆனாலும் முகத்தில் கரி இல்லாமல் நான் வீடு திரும்பிய நாள் கிடையாது. டிரைவருக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாளில் ஸ்டீயரிங்கைத் தொட்டேன், பிறகு விடவில்லை. லைசென்ஸ் வாங்கிய சூட்டோடு பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரி வைத்திருந்த முதலாளி கரீம் சாயபுவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அது முப்பதுகளின் தொடக்கம்.

சாயபுவிடம் இருந்தது சீமையிலிருந்து வந்த குட்டிக் கார். ஊரே அதை பேபி கார் என்றது. சாயபு ஆள் ஆறடி, உடம்பும் அதற்கேற்ற உடம்பு. முன்சீட்டில் முதலாளி உட்காரக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆகவே பின்சீட்டில்தான் ஏறுவார். ஏறியதும் காரின் பின்பக்கம் ஒரு சாண் இறங்கும். டேனரி ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தோலைத் திருப்பிப் போடுவார்கள்.

பேரணாம்பட்டில் ரயில் கிடையாது. பதனிட்ட ஆட்டுத்தோலைக் கட்டுக் கட்டாக மாட்டுவண்டியில் ஏற்றி ஆம்பூர் ஸ்டேஷனுக்கு அனுப்புவோம். அங்கிருந்து சரக்கு மெட்ராஸ் போகும். வண்டி போய்ச் சேர அரை நாளுக்கு மேலாகும். மெட்ராஸில் ஏலம் நடக்கிற நாளுக்கு முன்னால் சரக்கு போகாவிட்டால் அடுத்த ஏலம்வரை அது கிடங்கில் தூங்க வேண்டியதுதான். அவசரச் சரக்கை மட்டும் காரிலேயே இழுத்துப் போனால் என்ன என்று யோசனை சொன்னவர் எங்கள் மேனேஜர் நாயுடு.

நாயுடுவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அவர் ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் போனாலும் அவருக்குள் ரயில் ஓடிக்கொண்டே இருந்தது. டேனரி வாசலை "பிளாட்பாரம்" என்பார். இடுப்பில் விசிலும், கக்கத்தில் சுருட்டிய பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கோபம் வந்தால் திட்டமாட்டார். சிவப்புக் கொடியை விரித்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு அவரிடம் பேச யாருக்கும் தைரியம் வராது.

டிரெய்லர் குடியாத்தத்தில் செய்தது. பழைய மோட்டார் சக்கரம் இரண்டு, நடுவில் இரும்பு அச்சு, மேலே பலகைத் தொட்டி. முன்னால் நீண்ட இரும்புச் சட்டம், அதன் நுனியில் வளையம். காரின் பின்னால் இருக்கிற கொக்கியில் வளையத்தை மாட்டி, குறுக்கே ஆணி போட வேண்டும். அந்தச் சட்டத்தை எங்கள் ஆட்கள் ஏர்க்கால் என்றே சொன்னார்கள். வண்டி என்றால் ஏர்க்கால் இருக்கத்தானே வேண்டும்.

முதல் வாரம் என் மானம் கப்பலேறியது. பஸ்ஸையே ஓட்டினவனுக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்தேன். பின்னால் எடுக்கும்போதுதான் தெரிந்தது. டிரெய்லர் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். புத்திக்குப் புரிந்தது, கை கேட்கவில்லை. தோல் பதனிடக் குவித்திருந்த ஆவாரம்பட்டை அம்பாரத்துக்குள் இரண்டு தடவை அதைக் கொண்டுபோய்ச் சொருகினேன். "கன்னியப்பன் காரு கன்னு போட்டிருக்கு, தாயும் கன்னும் ஒண்ணா மேயுது" என்று டேனரி முழுக்கச் சிரிப்பு.

நாயுடு சிரிக்கவில்லை. கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை எனக்காக ஒரு சடங்காகவே வகுத்து வைத்தார். காரிலிருந்து டிரெய்லரைக் கழற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஏர்க்காலை முட்டுக்கட்டை மேல் நிறுத்தித்தான் பாரம் ஏற்ற வேண்டும். கனமான கட்டு அடியில், அச்சுக்குக் கொஞ்சம் முன்னால். கயிறு குறுக்கும் நெடுக்குமாக. எல்லாம் முடிந்த பிறகு நான் குனிந்து வளையத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பார்க்க வேண்டும். அதுதான் உயிர்நிலை.

"எத்தன கனம் இருக்கணும் சார்?" என்று முதல் நாள் கேட்டேன்.

"ஏமிரா, உங்க வீட்ல தண்ணி எடுக்கறது இல்லியா? ஒரு குடம் தண்ணி கனம். குடம் காலின்னா வண்டி போகக் கூடாது. ரெண்டு குடம்ன்னா அதுவும் போகக் கூடாது."

தூக்கிப் பார்த்து "ஒரு குடம்" என்று நான் உரக்கச் சொல்ல வேண்டும். அவர் "ரைட்" என்பார். கொக்கியில் மாட்டி "ஆணி" என்பேன். "ரைட்." ஒருவேளை ஆணி முறிந்தாலும் ஏர்க்கால் தரையில் குத்தாமலிருக்க அடியில் சங்கிலி. "சங்கிலி." "ரைட்." பிரேக், டயர், பின்னால் சிவப்புத் துணி. பிறகு பச்சைக் கொடி, விசில். பத்துக் கட்டுத் தோல் ஏற்றிய ஒரு குட்டி வண்டிக்கு மெயில் ரயில் மரியாதை. எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது நினைத்தால் அந்த விசில் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

சாலைக்கும் அவர் சட்டம் வைத்திருந்தார். எந்த கியரில் மேடு ஏறினாயோ அதே கியரில் இறங்கு. திருப்பத்தில் அகலமாகப் போ, பின்சக்கரம் உள்ளே வெட்டும். முன்னால் போகிற வண்டிக்கும் உனக்கும் எப்போதும் விடுகிற இடைவெளியைப் போல இரண்டு மடங்கு விடு. பின்வண்டி ஆட ஆரம்பித்தால் பிரேக்கைத் தொடாதே. ஆக்சிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடி, தானாக அடங்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மனதுக்குள் ஒரு நினைப்பு.

பாரம் ஏற்றுகிறவர் கோவிந்தன். ஒடுகத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதுவரை எங்கள் சரக்கை ஆம்பூருக்கு ஓட்டிய மாட்டுவண்டிக்காரர் அவர்தான். டிரெய்லர் வந்ததும் வண்டிக்கு வேலை குறைந்தது. மாட்டை விற்றுவிட்டார். சாயபு அவரை விடாமல், ஏற்றி இறக்குகிற வேலை கொடுத்து வைத்துக்கொண்டார். கோவிந்தன் கட்டு அடுக்கினால் பார்க்கக் கண் வேண்டும். ஒரு கட்டும் நழுவாது. ஆனால் தினமும் ஒரே தகராறு. நான் வளையத்தைத் தூக்கினால் காலிக் குடமாக இருக்கும்.

"கோயிந்தண்ணே, இன்னாண்ணே இது, மறுபடியும் பின்பாரம். ரெண்டு கட்டு முன்னாடி தள்ளு."

"அந்தக் குட்டிக் காரு மேல இன்னும் எவ்ளோடா ஏத்துவ? பாவமா இல்ல?"

மாட்டுவண்டிக்காரனின் தர்மம் அது. முன்பாரம் வைத்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், புண்ணாகும். நல்ல வண்டிக்காரன் பாரத்தை அச்சுக்கு மேலேயும், ஒரு சிட்டிகை பின்னாலும் வைத்து மாட்டின் கழுத்தை லேசாக்குவான். இருபது வருஷம் அப்படி ஏற்றிய கை அது. "மாட்டுக்குக் கழுத்துப் பாரம் குடுத்தவன் உருப்படுவானா?" என்பார். கார் மாடு இல்லை என்று அவருக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. என் கைக்கு ரிவர்ஸ் தெரியாதது போலத்தான். மாட்டுப் பொங்கலன்று யாருக்கும் தெரியாமல் காரின் முன்பக்கம் மஞ்சள் குங்குமம் வைத்து, ஹெட்லைட்டில் மாலை மாட்டியிருந்தார். சாயபு பார்த்துவிட்டு வழக்கம்போலப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். அன்றைக்கு முழுக்க மாலையோடுதான் போனோம்.

அந்த ஐப்பசியில் நாயுடு வேண்டுதலுக்காகச் சோளிங்கர் மலைக்குப் போனார். போகும்போது கொடிகளைக் கையோடு எடுத்துக்கொண்டார். விசிலை மட்டும் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஒரு நடை போய்த் திரும்பி வந்தேன். காரை நிறுத்தி இறங்குவதற்குள் சாயபு வேகமாக வந்து பின்சீட்டில் ஏறிவிட்டார். மெட்ராஸ் ஏஜெண்டு ஆம்பூரில் காத்திருக்கிறாராம், இந்தச் சரக்கோடு அவரே வர வேண்டுமாம். "ஜல்தி, ஜல்தி! வண்டியக் கழட்டாதே, அப்படியே ஏத்து" என்றார். கோவிந்தன் ஏற்றினார். நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வழக்கப்படி ஆணியை உருவி, வளையத்தைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. பின்னால் சாயபு தொண்டையைச் செருமினார். கயிற்றை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஊரைத் தாண்டி ஒரு மேடு. ஏறும்போதே காரின் பின்சக்கரம் ஈர மண்ணில் பிடிப்பில்லாமல் சுற்றியது. பின்பக்கம் தரையில் பதியாமல் நடப்பது போலிருந்தது. அப்போதே நிறுத்தி இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். மழை ஈரம் என்று நினைத்துக்கொண்டேன். இறக்கத்தில் டிரெய்லர் முதலில் மெதுவாக ஆடியது. ஒரு தரம் இடது, ஒரு தரம் வலது. பிறகு காரையே பிடித்து ஆட்டியது. கீழே ஓடைப் பாலம், குறுகலானது, எதிரே ஒரு மாட்டுவண்டி. நாயுடு சொன்னது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பிரேக்கை மிதித்தேன்.

கார் குறுக்கே திரும்பிப் பாலத்துக் கட்டைச் சுவரில் மோதி நின்றது. டிரெய்லர் ஓடைப்பக்கம் கவிழ்ந்து, சங்கிலியில் தொங்கியது. பத்துக் கட்டும் கட்டின கயிற்றோடு புதுவெள்ளத்தில். சாயபு வெளியே விழுந்து கிடந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. எனக்குக் கீறல்கூட இல்லை. அதுதான் எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது.

எதிரே வந்த மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி அவரைப் படுக்க வைத்தோம். ஆம்பூர் ஆஸ்பத்திரி வரைக்கும் நான் பக்கத்தில் நடந்தேன். பாதி வழியில் அவர் கண்ணைத் திறந்து கேட்டார்.

"கன்னியப்பா, தூக்கிப் பாத்தியா?"

"பாத்தேன் முதலாளி."

"எவ்ளோ இருந்துச்சு?"

"ஒரு குடம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம். வீட்டில் பிறந்து நாற்பது நாளான குழந்தை. டிரைவர் வேலை போனால் மறுபடி கிளீனராகத் தொங்க வேண்டும். ஒரு சின்னப் பொய், யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். அது யார் தலையில் போய் விழும் என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

சாயபு முட்டாள் இல்லை. ஆனால் முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தவருக்கு முதுகுக்குப் பின்னால் நடந்தது தெரியாது. கட்டிலில் படுத்தபடி யோசித்திருக்கிறார். என் பேச்சுப்படி, நான் தூக்கிப் பார்த்தபோது ஒரு குடம் இருந்தது. வண்டி ஆடியதைப் பார்த்தால் வழியில் காலிக் குடம். கயிறு அவிழவில்லை, கட்டு நழுவவில்லை. அப்படியானால் நான் பார்த்த பிறகு யாரோ கட்டைப் பின்னால் மாற்றி வைத்திருக்க வேண்டும். பாரத்தைத் தொட்டவர் ஒருவர்தான். அவருடைய மாட்டுவண்டிப் பிழைப்பைக் கெடுத்ததும் இந்த டிரெய்லர்தான்.

"கோயிந்தன்தான் வேணும்னே பண்ணிருக்கான். நாயுடு வந்ததும் போலீஸ்ல சொல்லச் சொல்லணும்" என்று சாயபு சொன்னதாகச் செய்தி வந்தது. கோவிந்தன் டேனரி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே விடவில்லை. நான் இரண்டு தடவை அவரைத் தாண்டிப் போனேன். இரண்டு தடவையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, அவரல்ல, நான்.

மூன்றாம் நாள் நாயுடு வந்தார். மொட்டைத் தலை, நெற்றியில் நாமம், கக்கத்தில் கொடி. கதையைக் கேட்டதும் பிரசாதத்தைக்கூடக் கீழே வைக்காமல் "பிளாட்பாரத்துக்கு வாங்க" என்றார். நொறுங்கிய காரையும் டிரெய்லரையும் இழுத்து வந்து வாசலில் நிறுத்தச் செய்தார். சாயபு தோளில் கட்டோடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். டேனரி ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வட்டமாக நின்றார்கள்.

"கோயிந்தா, அன்னிக்கி எப்படி ஏத்தினியோ அப்படியே ஏத்து" என்றார் நாயுடு.

வளையம் கொக்கியில் மாட்டியபடியே இருக்க, கோவிந்தன் கட்டுகளை அடுக்கினார். பாதியில் நின்று காரின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

"முதலாளி உக்காந்திருந்தாருங்க. பட்டை ஸ்பிரிங்கு ரொம்ப அமுங்கியிருந்துச்சு. ஆளு கனமும் தாங்கணும், வண்டி கனமும் தாங்கணும்னா எப்படிங்க? அதான் மூணு கட்ட பின்னாடி தள்ளினேன். ஸ்பிரிங்கு மேல வந்துச்சு. சரின்னு விட்டேன்."

சொல்லிவிட்டுக் கட்டைப் பின்னால் தள்ளினார். மாட்டின் கழுத்தைப் பார்க்கிற மாதிரி ஸ்பிரிங்கைப் பார்த்திருக்கிறார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. நாயுடு ஆணியை உருவினார். கை வைப்பதற்கு முன்னாலேயே வளையம் தானாக மேலே எழும்பியது.

"இத தூக்கிப் பாத்தா குருடனுக்குக்கூடத் தெரியும். கோயிந்தா, கன்னியப்பன் அன்னிக்கி இத தூக்கிப் பாத்தானா இல்லியா?"

கோவிந்தன் பக்கத்திலேயே இருந்தவர். நான் கழற்றவேயில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தையில் தப்பித்திருக்கலாம். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

"ஞாபகம் இல்லீங்க" என்றார்.

ஓடிப்போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போது என் வாய் என்னைக் கேட்காமலேயே திறந்தது.

"பாக்கல சார். கழட்டவே இல்ல. முதலாளிகிட்ட பொய் சொன்னேன். கோயிந்தண்ணன் மேல தப்பு இல்ல. பிரேக்க மிதிச்சதும் நான்தான்."

சாயபு தோளில் இருந்த கட்டைத் தொட்டுக்கொண்டார். பிறகு, "என் தோளு ஒடஞ்சது பரவாயில்ல. ஒரு மனுசன ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தியேடா" என்றார். அவர் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் கூட்டத்துக்கு நடுவில் நின்று அழுதேன்.

நாயுடு என் முகத்துக்கு நேராகச் சிவப்புக் கொடியை விரித்தார். கார் பழுது பார்த்து வரும் வரைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. பச்சைத் தோலைக் கிடுக்கியால் இழுத்து இழுத்துப் போட வேண்டும். ஒரு மாதத்தில் கை வெடித்துப் பாளம் பாளமானது. சோற்றைப் பிசைய முடியாது. யாரிடமும் முறையிடவில்லை. கார் திரும்பிய அன்று நாயுடு பச்சைக் கொடியை எடுத்து எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த கோவிந்தனிடம் கொடுத்தார்.

"இனி தூக்கிப் பாக்கறது நீ. ஒரு குடம் இருந்தா கொடி காட்டு. இல்லன்னா முதலாளியே சொன்னாலும் வண்டி நகரக் கூடாது."

"ரைட்டுங்க" என்றார் கோவிந்தன்.

அதற்குப் பிறகு பின்பாரம் வந்ததே இல்லை. மனசில்லாமல்தான் முன்னால் ஏற்றுவார். வளையத்தைக் கொக்கியில் மாட்டியதும் காரின் பின்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டி, "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, ஆம்பூர் வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் கொடி காட்டுவார். பல வருஷம் அந்தக் கொடிக்குக் கட்டுப்பட்டு ஓட்டினேன். ஒரு கீறல் விழுந்ததில்லை.

ஒரு நாள் கேட்டேன். "அன்னிக்கி ஏண்ணே ஞாபகம் இல்லன்னு சொன்னே?"

"கைக்கொழந்தக்காரன். நான் சொல்லி உன் வேல போச்சுன்னா எனக்குச் சோறு எறங்குமா?" என்றார். பிறகு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "ஆனா நீ சொல்லலன்னா உன்ன சும்மா விட்டிருக்க மாட்டேன்" என்று சிரித்தார். எப்படி விட்டிருக்கமாட்டார் என்று சொல்லவே இல்லை. இப்போது அவர் இல்லை, நாயுடு இல்லை, சாயபுவும் இல்லை.

பேரணாம்பட்டில் பேரன் எனக்கு டீ கொடுத்தார். டிரெய்லரைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பாரமெல்லாம் பின்னால். கழற்றச் சொல்லி வளையத்தைத் தூக்கினேன். இடுப்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, ஆனால் காலிக் குடம் என்று கை சொன்னது. கனமான பெட்டிகளை முன்னால் மாற்றச் சொன்னேன். மறுபடி தூக்கினேன். "ஒரு குடம்" என்று உரக்கச் சொன்னேன். பதிலுக்கு "ரைட்" என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஆணியும் சங்கிலியும் மாட்டி முடித்தார்கள். டிரைவர் ஏறி உட்கார்ந்தான். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. பளபளவென்றிருந்த அந்தப் புதுக் காரின் பின்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டினேன்.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்றேன். "ஆம்பூர் வரைக்கும்தான்."